ஒரு தடவை நல்லா வந்தா போதுமா? பீர் ஆலையில் இருந்துகொண்டு இட்லி மாவுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்த 'ஸ்டூடன்ட்'

மாட்டுப்பொங்கல் அன்னிக்கு பழையசீவரம் போயிருக்கீங்களா? காஞ்சிபுரத்துல இருந்து வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குக் கிளம்பி, வாலாஜாபாத் தாண்டி இந்த ஊர் மலைக்கு வருவார். அப்புறம் ஆத்தைக் கடந்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற திருமுக்கூடலுக்குப் போவார். அன்னிக்கு ஊர்ல கால் வைக்க இடம் இருக்காது.

எங்க அத்தை வீடு அங்கதான். தினமும் இட்லி மாவு அரைச்சு, பாக்கெட் போட்டு, சுத்துவட்டாரத்துல விக்கிறாங்க. போன வருஷம் சித்திரையில ஒரு நாள், நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துங்கிற பழைய கணக்கை மாத்தி, அஞ்சுக்கு ஒண்ணு, கூட ரெண்டு கைப்பிடி அவல்னு போட்டுப் பார்த்தாங்க. மாவு குண்டானை விட்டு வழிஞ்சுது. இட்லி பஞ்சு மாதிரி வந்துச்சு. உளுந்து விக்கிற விலைக்கு இது பெரிய மிச்சம் வேற. மறுநாள்லேர்ந்து அதுதான் நிரந்தரக் கணக்கு.

மார்கழி வந்துச்சு. மாவு எழும்பவே இல்லை. பார்வேட்டைக்கு வர்ற கூட்டத்தை நம்பி ரெண்டு மடங்கு அரைச்சு வச்சிருந்தாங்க. கடைக்குக் கொடுத்த பாக்கெட்டுல பாதிக்கு மேல திரும்பி வந்துருச்சு. காஞ்சி வரதர் கோயில்ல மந்தார இலையில வேகவைக்கிற குடலை இட்லிக்குப் பேர் போன மாவட்டத்துல, இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு பேச்சு வாங்கினது அத்தைக்கு ரொம்ப வலிச்சுது.

அத்தை எங்க தப்பு பண்ணாங்க? ஒரு நாள் நல்லா வந்ததை வச்சு முடிவு பண்ணிட்டாங்க, அவ்வளவுதான். அப்போ எத்தனை நாள் பார்க்கணும்? ரெண்டு நாளா, பத்து நாளா? இந்தக் கேள்வியைச் சுமந்துக்கிட்டு 38 வருஷம் வேலை பார்த்த ஒருத்தர் இருந்தார். அவர் வேலை பார்த்தது பீர் ஆலையில. கல்லூரியில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பேப்பராவது எழுதியிருந்தா அவரை உங்களுக்குத் தெரியும். 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்'னு ஒண்ணு வருமே, அதுல இருக்கிற ஸ்டூடன்ட் அவர்தான். நான் டிப்ளமோ படிச்சப்போ அது மாணவர்களுக்காகக் கண்டுபிடிச்ச டெஸ்ட்னே நினைச்சுட்டு இருந்தேன். அது ஒருத்தரோட புனைபெயர்னு யாரும் சொல்லலை.

கண் பார்வை போட்ட பாதை

அவர் நிஜப் பெயர் வில்லியம் சீலி கோசெட். 1876 ஜூன் 13-ம் தேதி இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். அப்பா ராணுவத்தின் பொறியாளர் படையில் கர்னல். மகனுக்கும் அந்த ஆசை இருந்தது. கண் பார்வை சரியில்லை என்று படை அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்து, இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கினார்.

1899-ல் அவரை வேலைக்கு எடுத்தது டப்ளினில் இருந்த கின்னஸ் பீர் ஆலை. 1759-ல் ஆர்தர் கின்னஸ் ஆரம்பித்தது. வருஷத்துக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 வருஷத்துக்குக் குத்தகை எழுதி வாங்கிய மகானுபாவர் அவர். நம்ம ஊர்ல 11 மாசத்துக்கு மேல யாராவது அக்ரிமென்ட் போடுறாங்களா சொல்லுங்க!

கோசெட் போய்ச் சேர்ந்த சமயத்தில் ஆலை ரொம்பப் பெரிதாகியிருந்தது. அதுவரை மால்ட்டைக் கையில் அள்ளிப் பார்த்து, ஹாப்ஸ் பூவைக் கசக்கி மோந்து பார்த்து, அனுபவஸ்தர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. பார்லியை முளைகட்டி, காயவைத்து, வறுத்தால் மால்ட். அதைச் சுடுநீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். கசப்புக்கும் கெடாமல் இருப்பதற்கும் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். ஆறினதும் ஈஸ்ட் சேர்த்தால் புளிக்க ஆரம்பிக்கும். பொருள் நாலே நாலுதான், தண்ணீரோட சேர்த்து. ஆனால் நாலுமே ஒவ்வொரு முறையும் வேற மாதிரி நடந்துக்கும். ஒரு வயல் பார்லி இன்னொரு வயல் பார்லி மாதிரி இருக்காது. நேற்றைய ஈஸ்ட் இன்றைக்கு இருக்காது. இட்லிக்கு மாவு ஆட்டுறவங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

இதுக்கு மோப்பம் மட்டும் போதாது, அளந்து பார்க்கணும்னு கின்னஸ் நிர்வாகம் முடிவு பண்ணுச்சு. அதற்காகத்தான் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்த இளைஞர்களை வரிசையாக எடுத்தார்கள். கோசெட்டும் அவரது சகாக்களும் அளக்க ஆரம்பித்தார்கள். அளந்த பிறகுதான் தலைவலியே வந்தது. ஒரே மால்ட்டை இரண்டு தடவை அளந்தால் இரண்டு விடை. எதை நம்புவது? ஒவ்வொரு அளவீட்டுக்கும் நேரமும் செலவும் ஆகும். ஆயிரம் முறை அளக்க முடியாது. கையில் இருப்பது நாலோ ஐந்தோதான்.

நாலு போதும்னு சொன்ன கணக்கு

கணிதம் தெரிந்தவர் என்பதால் எல்லாரும் கோசெட்டிடம் வந்து நின்றார்கள். 1904-ல் ஆலைக்குள் மட்டும் சுற்றுக்கு விட, அளவீட்டுப் பிழைகளைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அதில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மால்ட்டில் இருந்து இறங்கும் சர்க்கரைச் சத்து 133 டிகிரி இருக்க வேண்டும் என்பது ஆலையின் குறி. அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பீரின் பலம் மாறும், வரி மாறும், கெடாமல் இருக்கும் நாளும் மாறும். ஆலையில் சேர்ந்திருந்த அளவீடுகளை வைத்து கோசெட் பார்த்தார். இரண்டு முறை அளந்து சராசரி எடுத்தால், பிழை அரை டிகிரிக்குள் நிற்பதற்கும் நிற்காமல் போவதற்கும் உள்ள விகிதம் 4-க்கு 1. மூன்று முறை என்றால் 7-க்கு 1. நாலு முறை என்றால் 12-க்கு 1. ஐந்து முறை அளந்தால் 19-க்கு 1.

பத்துக்கு ஒன்று என்ற நம்பிக்கை ஆலைக்குப் போதும். அப்படியென்றால் நாலு முறை அளந்தால் ஆச்சு. எத்தனை தடவை பார்க்கணும்ங்கிற கேள்விக்கு, தப்பு நடந்தா எவ்வளவு நஷ்டம், இன்னொரு தடவை பார்க்க எவ்வளவு செலவுன்னு ரெண்டையும் வச்சுத்தான் அவர் பதில் சொன்னார். புத்தகத்துல படிக்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல இந்த வியாபாரப் புத்தி காணாமப் போயிடுது, அதுதான் வருத்தம்.

அடுத்த வருஷம், 1905 ஜூலையில், அந்தத் துறையின் பெரிய தலையான கார்ல் பியர்சனைப் போய்ப் பார்த்தார். 1906-ல் ஆலையே சம்பளத்தோடு லண்டனுக்கு அனுப்பி, பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வருஷம் படிக்க வைத்தது. அதே வருஷம் அவருக்குக் கல்யாணமும் ஆனது. பியர்சன் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தகவல் சேர்த்து வேலை செய்பவர். நாலு ஐந்து மாதிரியை வைத்துக்கொண்டு அல்லாடும் ஒரு பீர் ஆலைக்காரரின் கஷ்டம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனாலும் கணக்கில் உதவினார்.

1907-ல் கோசெட்டின் முதல் கட்டுரை வந்தது. ஈஸ்ட் செல்களை எண்ணுவது பற்றி. ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில், ஈஸ்ட் கலந்த ஒரு துளியை விட்டு, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். ஈஸ்ட் கொஞ்சமாகப் போனால் புளிப்பு சரியாக நடக்காது, அதிகமாகப் போனால் ருசி கெடும். எண்ணினது எவ்வளவு தூரம் நம்பகமானது என்று அவர் கணக்கிட்டார். அடுத்த வருஷம், 1908-ல், அவர் பெயரை நிலைநிறுத்திய கட்டுரை.

அந்தப் பெயர்தான் அவர் பெயர் இல்லையே! ஊழியர்கள் சொந்தப் பேர்ல ஆராய்ச்சி வெளியிடக் கூடாதுன்னு கின்னஸ்ல கட்டுப்பாடு. தொழில் ரகசியம் போட்டிக்காரன் காதுக்குப் போயிடும்னு பயம். அதனால் 'ஸ்டூடன்ட்' என்று போட்டுக்கொண்டார். பிற்பாடு அதே ஆலையில் வேறு சிலரும் இப்படிப் புனைபெயரில் எழுதினார்கள்.

1908 கட்டுரைக்காக அவர் செய்த ஒரு வேலையைக் கேளுங்க. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அளந்த பட்டியல் ஒன்று அச்சில் இருந்தது. ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதினார். 3,000 அட்டையையும் சீட்டுக்கட்டு மாதிரி நன்றாகக் கலைத்தார். நாலு நாலாகப் பிரித்து 750 குவியல் ஆக்கினார். ஒவ்வொரு நாலுக்கும் சராசரி என்ன, அது நிஜச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கையால்.

இதில் அவர் கண்டது, நம்ம வீட்டுப் பாஷையில சொன்னா இதுதான். நாலே தடவை பார்த்துட்டு, சராசரியை மட்டும் நம்ப முடியாதுன்னு நமக்குத் தெரியும். ஏற்ற இறக்கம் எவ்வளவுன்னு நாம நினைக்கிறோமே, அந்த நினைப்பையும் நம்ப முடியாது. அதனால சந்தேகத்துக்கு இன்னும் அகலமா இடம் விடணும். எவ்வளவு அகலம்? நிறைய முறை பார்த்திருந்தால், ஏற்ற இறக்கத்தில் இருந்து வரும் பிழையை ஏறக்குறைய 2-ஆல் பெருக்கினால், நூற்றுக்கு 95 நம்பிக்கை கிடைக்கும். நாலே முறைதான் பார்த்தீர்கள் என்றால் 3.18-ஆல் பெருக்க வேண்டும். இரண்டே முறை என்றால்? 12.71. தூக்கிவாரிப் போடுதா? ரெண்டு தடவை நல்லா வந்துச்சுன்னு சொல்றதுக்கு எவ்வளவுதான் மதிப்புன்னு இந்த ஒரு எண்ணே சொல்லிடும்.

பக்கத்துப் பக்கத்துல விதைச்சார்

கட்டுரை வந்த கையோடு உலகம் அவரைத் தூக்கிக் கொண்டாடவில்லை. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞர் 1912-ல் அவருக்கு எழுதினார். கோசெட் பாதி ஊகமாகப் பிடித்திருந்ததை ஃபிஷர் கணிதமாக நிரூபித்துவிட்டார். 1925-ல் ஃபிஷர் எழுதிய புத்தகம் வழியாகத்தான் டி-டெஸ்ட் உலகம் பூராவும் போனது. பிற்காலத்தில் பியர்சனும் ஃபிஷரும் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குச் சண்டைக்காரர்கள். இரண்டு பேருக்கும் நண்பராக இருந்த ஒரே ஆள் என்று கோசெட்டைச் சொல்லலாம். அந்தத் துறையில் அது சாதாரண சாதனை கிடையாது.

ஆலைக்கு நல்ல பார்லி வேண்டும். அயர்லாந்தின் வேளாண்துறையும் கின்னஸும் சேர்ந்து பல ஊர் வயல்களில் ரகங்களைப் பரிசோதித்தன. ஒரு ரகத்தை இந்த வயலிலும் இன்னொன்றை அந்த வயலிலும் போட்டால், வித்தியாசம் ரகத்தால் வந்ததா மண்ணால் வந்ததா? கோசெட் ஆதரித்த முறை எளிமையானது. விதைக்கும் கருவியின் ஒரு பாதியில் ஒரு ரகம், மறு பாதியில் இன்னொரு ரகம். வண்டி போகப் போக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விழும். ஒரே மண், ஒரே மழை, ஒரே வெயில். அப்புறம் ஜோடி ஜோடியாக ஒப்பிட வேண்டியதுதான். எந்தப் பாத்தியில் எது என்று குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் ஃபிஷர். திட்டமிட்டுச் சமமாகப் பரப்புவதே மேல் என்றார் கோசெட். கடைசி வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. நட்பும் விடவில்லை.

இதை எல்லாம் வேலை நேரத்தில் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் தோட்டம், தச்சு வேலை, படகு கட்டுவது. 1934-ல் கார் விபத்தில் கால் உடைந்து பல மாதம் படுத்திருந்தார். 1935-ல் லண்டன் பார்க் ராயலில் கின்னஸ் புது ஆலை கட்டியபோது அதைக் கவனிக்க அனுப்பினார்கள். 1937-ல் தலைமை பீர் தயாரிப்பாளர் பதவி வந்தது. அதை அவர் ரொம்ப நாள் அனுபவிக்கவில்லை. அந்த வருஷம் அக்டோபர் 16-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். வயசு 61.

அதே அக்டோபர் 1-ம் தேதிதான் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அன்றைக்கு வந்த 1937-ம் வருஷச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்னிக்கும் தமிழ்நாட்டில் நடக்குது. உரிமம் இல்லாம வீட்டுல பீர் காய்ச்சினா குற்றம். வெளிநாட்டுல ஹோம்ப்ரூ கிட் வாங்கி, சமையலறையில அஞ்சு லிட்டர், பத்து லிட்டர்னு சொந்தமா ரெசிபி உருவாக்குற வீடியோ பார்த்துட்டு இங்க யாரும் ஆரம்பிச்சுடாதீங்க. ஆனா அந்த ஹோம்ப்ரூ ஆட்கள் ரெசிபி உருவாக்குற முறை இருக்கே, அதை இட்லி மாவுக்குத் தாராளமா எடுத்துக்கலாம். அதுக்கு எந்த உரிமமும் வேண்டாம்.

கோசெட்டின் கட்டுரை நம்ம நாட்டுக்குக் கப்பலில் வந்த கதையும் உண்டு. 1915-ல் கேம்பிரிட்ஜ் படிப்பு முடிந்து கல்கத்தா திரும்பக் காத்திருந்த மகலனோபிஸ், பியர்சன் நடத்திய 'பயோமெட்ரிகா' இதழைப் பார்த்தார். பிடித்துப்போய் முழுத் தொகுப்பையும் வாங்கி, கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். ஸ்டூடன்ட் எழுதிக்கொண்டிருந்ததும் அதே இதழில்தான். மகலனோபிஸ் பின்னால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்னிக்கும் பாலாத்தங்கரை நெல் வயல்ல அறுப்புக்கு முன்னாடி, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அந்தக் கட்டத்தை மட்டும் அறுத்து, எடை போட்டு எழுதிட்டுப் போறாங்களே, பார்த்திருப்பீங்க. கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைச் சொல்ற அதே பாடுதான்.

அத்தை வீட்டுக் குண்டான்

இந்தப் பொங்கலுக்குப் போனப்போ அத்தைகிட்ட இதைச் சொன்னேன். பீர்னு சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க. சித்திரை மாவையும் மார்கழி மாவையும் ஒப்பிட்டது, வேற வேற வயல்ல விதைச்ச மாதிரின்னு சொன்னதும் சட்டுனு பிடிச்சுக்கிட்டாங்க.

ஒரே நாள், ஒரே கிரைண்டர், ஒரே மூட்டை அரிசி. ஒரு குண்டானில் பழைய கணக்கு, இன்னொன்றில் உளுந்து குறைக்காமல் அவல் மட்டும் சேர்த்தது. ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாத்தணும், இல்லேன்னா எதால வந்துச்சுன்னே தெரியாது. உப்பு, தண்ணீர் எல்லாம் தராசில் நிறுத்து, ரெண்டுக்கும் ஒரே அளவு. ரெண்டு குண்டானும் அடுப்படியில் பக்கத்துப் பக்கத்தில். காலையில் ஸ்கேல் வைத்து எவ்வளவு எழும்பியிருக்குன்னு பார்க்க வேண்டியது.

முதல் ராத்திரி அவல் குண்டான் 1 செ.மீ. கூடுதல். ரெண்டாவது ராத்திரி 2 செ.மீ. அத்தை அப்பவே மாவுக்கு அவல் வாங்கக் கிளம்பிட்டாங்க. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். சராசரி 1.5. ஆனா ரெண்டே நாள்ங்கிறதால 12.71 வந்து உட்காருது. சந்தேகத்துக்கு விட வேண்டிய இடம் ரெண்டு பக்கமும் 6 செ.மீ.க்கு மேல. அதாவது அவல் போட்டா மாவு கூடுதலா எழும்பலாம், அமுங்கியும் போகலாம், ஒண்ணும் சொல்றதுக்கில்லை. மூணாவது ராத்திரி 1.5, நாலாவது ராத்திரி 0.5. சராசரி 1.25-ஆகக் குறைஞ்சுது. ஆனா இப்போ பெருக்குறது 3.18-ஆலதான். சந்தேகம் 1 செ.மீ. சொச்சம். எப்படிப் பார்த்தாலும் கொஞ்சமாவது கூடுதலா எழும்புதுன்னு இப்போ சொல்லலாம். சராசரி குறைஞ்சும் நம்பிக்கை கூடுனது அத்தைக்கு வேடிக்கையா இருந்துச்சு. எனக்கும்தான்.

எழும்புனா மட்டும் போதாதே, ருசி? இதுக்கு பீர் ஆலைகளில் பிற்பாடு வந்த ஒரு முறை இருக்கு. மூணு தட்டு. ரெண்டுல ஒரே இட்லி, ஒண்ணுல வேற. எது வேறன்னு சொல்லணும். சும்மா குத்துமதிப்பா சொன்னாலே மூணுல ஒரு பங்கு பேருக்குச் சரியா வந்துடும், அதைக் கழிச்சுத்தான் பார்க்கணும். சாப்பிடுறவங்களுக்கு மட்டுமில்ல, பரிமாறுறவங்களுக்கும் எது எதுன்னு தெரியக் கூடாது. எங்க வீட்டுல ஆறு பேர் உட்கார்ந்தோம். மாமா முகத்தைப் பார்த்தே பசங்க விடை கண்டுபிடிக்கிறாங்கன்னு தெரிஞ்சு, அவரைக் கொல்லைப்பக்கம் அனுப்ப வேண்டியதாச்சு.

ஆறு பேரில் நாலு பேர் சரியாகச் சொன்னார்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலே ஆறில் நாலோ அதற்கு மேலோ சரியாக வர நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு. அஞ்சு பேர் சொல்லியிருந்தா அது ரெண்டுக்கும் கீழ போயிருக்கும். அதனால இப்போதைக்கு முடிவு இல்லை. அத்தை பழைய கணக்குலயே அரைச்சுக்கிட்டு இருக்காங்க. கிரைண்டர் பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு தொங்குது, தேதி, எடை, எழும்பின உயரம்னு கட்டம் போட்டு. அடுத்த சுத்து சித்திரை வெயில்ல. நீங்க அந்தப் பக்கம் வந்தா, மூணு தட்டுக்கு ஒரு ஆள் குறையுது.